ஓதம் ஏறிய சுவர்

கடலூர்க்காரர்களுக்கு ஜலத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வடக்கே தென்பெண்ணை, ஊர் நடுவே கெடிலம், தெற்கே பரவனாறு, கிழக்கே வங்காள விரிகுடா. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆகாயமும் இவற்றோடு சேர்ந்து கொள்ளும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சமுத்திரமே எழுந்து தேவனாம்பட்டினத்துக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கரையைக் கடந்து, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. சமணர்கள் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்தது எங்கள் ஊரில்தான் என்பது ஐதீகம். கரையேறவிட்டகுப்பம் என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். "கல்லே மிதந்த ஊரப்பா இது, கட்டிலும் பெட்டியும் மிதப்பதில் என்ன அதிசயம்?" என்று காலஞ்சென்ற என் தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் நான் எழுத வந்தது வெள்ளத்தைப் பற்றி அல்ல. வெள்ளம் வரும்போது அதைப் பார்க்க எல்லோரும் வருகிறார்கள். மந்திரிகள் வருகிறார்கள், படம் பிடிப்பவர்கள் வருகிறார்கள், சோற்றுப் பொட்டலத்தோடு புண்ணியவான்களும் வருகிறார்கள். வெள்ளம் வடிந்ததும் அவர்களும் வடிந்து விடுகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டுச் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிற ஜலம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் படம் பிடிப்பதில்லை. அதற்கு நம் பாஷையில் ஓதம் என்று பெயர். பழந்தமிழில் கடல் பெருக்குக்கும் ஓதம் என்றுதான் பெயர். கடல் ஒரு நாளில் திரும்பிப் போய்விடும். சுவரில் ஏறிய ஓதம் வருஷக் கணக்கில் இருக்கும் என்பதை நான் என் மகளின் மூச்சிலிருந்து கற்றுக் கொண்டேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தாவர சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவன் நான். சிதம்பரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருக்கிறேன். திருப்பாப்புலியூரில் உள்ள எங்கள் பூர்விக வீட்டிலிருந்து தினந்தோறும் 40 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து போய் வருகிறேன். ரொட்டித் துண்டை நனைத்து, மூடி வைத்து, நான்காம் நாள் அதில் பூத்திருக்கும் பூஞ்சணத்தைப் பூதக்கண்ணாடி வழியாகக் குழந்தைகளுக்குக் காட்டுவது என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. "பூஞ்சணம் வளர மூன்று பொருள்கள் போதும்: ஈரம், கொஞ்சம் இரை, நடமாட்டமில்லாத காற்று" என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருக்கிறேன். இந்த மூன்றையும் என் சொந்த வீட்டில் நானே சிரமப்பட்டுச் சேகரித்து வைத்திருந்தேன் என்பதுதான் இந்தக் கதையின் விசேஷம்.

எங்கள் வீடு பழைய காலத்து வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், பின்கட்டு எல்லாம் உண்டு. என் பாட்டனார் காலத்தில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற நான்கு படிகள் இருந்தனவாம். நான் சிறுவனாக இருந்தபோது இரண்டு படிகள்தான் இருந்தன. இப்போது ஒரு படிகூட இல்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. வீடு அமிழ்ந்து போய்விட்டதா என்றால், இல்லை. தெரு வளர்ந்து விட்டது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, தெருவை முழங்காலளவு உயர்த்தி விட்டார்கள். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலரே உத்தரவு அனுப்பினார். எங்கள் தெருவைப் பொறுத்த வரையில் அந்த உத்தரவு காலங்கடந்து வந்தது.

குளிர் மிகுந்த மேல்நாடுகளில் நிலம் உறைந்து போவதால் அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டுகிறார்களாம். தோண்டிய பள்ளத்தை வீணாக்காமல் அதையே ஓர் அறையாக்கிக் கொள்கிறார்களாம். அந்த நிலவறைகளில் ஈரம் தங்குவதும், பூஞ்சணம் பிடிப்பதும், குழந்தைகளுக்கு இருமல் வருவதும் அங்கே பெரிய விசாரமாக இருக்கிறது. நாம் யாரும் நிலவறை கட்டுவதில்லை. நமக்குத் தெரு உயர்ந்து உயர்ந்து, நம்முடைய கூடமே நிலவறையாகி விடுகிறது.

நிற்க. 2015-ஆம் வருஷம் நவம்பர் மாதம் எங்கள் ஜில்லாவைப் புரட்டிப் போட்ட மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. டிசம்பர் முதல் வாரம் மறுபடியும் கொட்டியது. எங்கள் வீட்டில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரையில் சாக்கடையும் மழை ஜலமும் கலந்து இரண்டு நாள் நின்றது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளைத் தோளில் தூக்கிக் கொண்டு மாடி அறைக்கு ஏறினோம். எல்லாம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. காகிதக் கப்பல் செய்து தரச் சொல்லிக் கூடத்திலேயே விட்டாள்.

ஜலம் வடிந்த பிறகு நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன். வாசகர்கள் என்னைப் பரிகசித்தாலும் பாதகமில்லை.

என் மனைவிக்குக் கல்யாணத்தின்போது அவள் தகப்பனார் விருத்தாசலத்திலிருந்து செய்து அனுப்பிய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று ஜலத்தில் நனைந்து விட்டது. அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. மார்கழி மாதத்துச் சோனி வெயிலில் நான்கு நாள் மொட்டை மாடியில் போட்டு வைத்து, மேலே தொட்டால் உலர்ந்தது போல இருந்ததும் புது உறை தைத்து, குழந்தை படுக்கும் கட்டிலில் போட்டோம். இது முதற் காரியம்.

பின்கட்டு அறையில் சுவர் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு பொரிப்பொரியாக உதிர்ந்து கொண்டிருந்தது. அதைச் சுரண்டி, அழுத்தமாகச் சிமெண்டு பூசி, அதன்மேல் விலையுயர்ந்த பிளாஸ்டிக் வர்ணம் அடித்தேன். பொங்கலுக்கு வீடு பளபளவென்று இருந்தது. ஈரம் உலரக் காத்திருக்கவில்லை. என் தாயார், "வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற சுவருக்கு இது எதற்கப்பா? சுவரும் மூச்சு விட வேண்டாமா?" என்று கேட்டார்கள். நான் பி. எஸ்ஸி. படித்தவன், என் தாயார் ஐந்தாம் வகுப்பு வரையில் படித்தவர்கள். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இது இரண்டாவது காரியம்.

உதிர்ந்த இடம் மறுபடி கண்ணில் படாமலிருக்க இரும்புப் பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். மழைச் சாரல் உள்ளே வருகிறதென்று முற்றத்தின் மேல் காற்றுப் புகாமல் தகடு போட்டு மூடினேன். குழந்தையின் கட்டிலைப் பீரோவுக்குப் பக்கத்தில் போட்டேன். ஈரம், இரை, நடமாட்டமில்லாத காற்று!

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் தொடங்கியது. பகலில் ஒன்றுமிராது. இரவு இரண்டு மணிக்கு மேல் வறட்டு இருமல். பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு கீச்சொலி. 2017-ஆம் வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் இரவு அவள் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கட்டில் சட்டத்தில் ஊன்றிக் கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் தோளால் இழுத்தாள். விலா எலும்புகளுக்கிடையே தோல் குழிந்து குழிந்து எழுந்தது. அழுவதற்குக் கூட அவளிடம் மூச்சு மிச்சமில்லை. ஆறு வயதுக் குழந்தை அழாமல் இருப்பதைப் பார்த்து ஒரு தகப்பன் பயப்படுவான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கொட்டுகிற மழையில் ஆட்டோ ரிக்ஷா ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். பிராணவாயுவும் நீராவி போல் புகையும் மருந்தும் கொடுத்தார்கள். விடியற்காலையில் அவள் தூங்கிய பிறகு என் மனைவி என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "நாம் என்ன தப்பு செய்தோம்?"

அவள் அதைக் கடவுளிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். விடை பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

எங்களுக்கு வாய்த்த குழந்தை வைத்தியர் வயதானவர். மருந்தைவிடக் கேள்விகளை அதிகமாக உபயோகிப்பவர். "தீபாவளிக்கு எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். "பத்து நாள் விருத்தாசலத்தில், இவள் பாட்டி வீட்டில்" என்றோம். "அங்கே மழை உண்டா?" "உண்டு." "இருமல் உண்டா?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். இருமல் இல்லை. ஒரு நாள்கூட இல்லை. "அதே மழை, அதே குழந்தை. வீடு மட்டும் வேறு. சுவரைப் போய்ப் பாருங்கள், வாத்தியார் ஐயா" என்றார்.

வீட்டுக்கு வந்து நானும் தம்பியுமாகப் பீரோவை நகர்த்தினோம். அப்போது வந்த வாசனையை இன்றும் மறக்க முடியவில்லை. விலையுயர்ந்த வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அதன்மேல் கறுப்பும் பச்சையுமாக ஓர் ஆள் உயரத்துக்குப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பீரோவின் முதுகிலும் அதே கறை. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அலுப்போடு வாசற்படியில் நின்றபடி, "அது என் இடம் அப்பா! அங்கேதான் நான் ஒளிஞ்சுக்குவேன்" என்றாள். கண்ணாமூச்சி ஆடும்போது பீரோவுக்கும் மூலைக்கும் நடுவே இருந்த சந்தில் அவள் புகுந்து கொள்வாளாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாதாம்.

மெத்தையின் உறையைக் கிழித்துப் பார்த்தோம். வெளியே வெள்ளை, உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகக் கறுத்துப் போயிருந்தது. இரண்டு வருஷமாக அவள் முகம் புதைத்துத் தூங்கிய மெத்தை அது.

இந்தப் பூஞ்சணம் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூஞ்சணம் பூப்பதில்லை, விதைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகளைக் கோடிக்கணக்கில் காற்றில் பரப்புகிறது. ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் என்று அவற்றில் பல குடும்பங்கள். அவை எங்கும் உள்ளவை. நாம் எல்லோரும் தினந்தோறும் சுவாசிப்பவை. 1928-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பவரின் ஆராய்ச்சித் தட்டில் தற்செயலாக விழுந்த ஒரு பெனிசிலியம் வித்துதான் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றும் மருந்துக்கு வழி காட்டியது. ஆகவே பூஞ்சணத்தைப் பரம சத்துரு என்று சொல்ல ஒரு தாவர சாஸ்திரிக்கு வாய் வராது. வெளியிலே பரந்த காற்றில் கலந்திருக்கும் அளவுக்கு அது பெரும்பாலும் நம்மை ஒன்றும் செய்வதில்லை. மூடிய அறையில், ஈரச் சுவரில், தலைமாட்டிலேயே அது செழித்து வளரும்போதுதான் விபரீதம். இரைப்புக்கு ஆளாகும் இயல்புள்ள குழந்தையின் மூச்சுக் குழாய்கள் அந்த வித்துகள் பட்டதும் வீங்கிச் சுருங்கிக் கொள்கின்றன. பெரியவர்களுடையதைவிடக் குழந்தையின் மூச்சுக் குழாய் மிகவும் குறுகலானது; ஆகவே சிறிது வீங்கினாலும் வழி பெரிதும் அடைபட்டுப் போகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் இதைப் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இரைப்பு, சுவாச நோய்கள் அதிகம் என்பது அதன் முடிவு. எந்தப் பூஞ்சணம், எத்தனை வித்து என்று எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம்; ஈரத்தை ஒழியுங்கள் என்பது அதன் யோசனை.

பயமும் அளவோடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரத்தில் 1993, 1994-ஆம் வருஷங்களில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. ஈர வீடுகளில் வளரும் ஒருவகைக் கறுப்புப் பூஞ்சணமே காரணம் என்று முதலில் சந்தேகித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்த ஆராய்ச்சியைத் திரும்பப் பரிசீலித்த அந்நாட்டு நோய்த் தடுப்பு இலாகா, அப்படி நிரூபணம் ஆகவில்லை என்று சொல்லி விட்டது. நம் நாட்டில் 2021-இல் கொரோனாக் காலத்தில் பரவிய 'கருப்புப் பூஞ்சை' நோய் வேறு. சுவரில் உள்ள கறுப்புக் கறை வேறு. சர்க்கரை வியாதி மிஞ்சியவர்களையும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்துக் கொண்டவர்களையும் அந்த நோய் பெரிதும் தாக்கியது. சுவர்க் கறையைப் பார்த்துக் கண் போய்விடும் என்று அலற வேண்டியதில்லை. என் மகளுக்கு வந்த இரைப்புக்குப் பூஞ்சணம் ஒன்றே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் தகப்பனாருக்கும் இரைப்பு இருந்தது. அந்த இயல்பு அவளுக்குப் பிறப்பிலேயே வந்திருக்கலாம். ஆனால் அந்த வெடிமருந்துக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டு வைத்தவன் நான்.

2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்து போயிற்று. ஏழைகளுக்கென்று வாடகைக்கு விடப்பட்ட வீடு. பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று தகப்பன் திரும்பத் திரும்ப முறையிட்டான். மேலே வர்ணம் பூசிக் கொள் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. வீட்டிலிருந்த பூஞ்சணமே குழந்தையின் சுவாச நோய்க்கும் மரணத்துக்கும் காரணம் என்று 2022-இல் மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று. அந்தக் குழந்தையின் பெயரால் 'அவாப் சட்டம்' என்று ஒரு சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, 2025 அக்டோபரில் அமுலுக்கு வரத் தொடங்கியது. வீட்டுக்காரர் குறித்த காலத்துக்குள் வந்து பார்த்துச் சீர் செய்தாக வேண்டும். உயிருக்கு ஆபத்தான குறையானால் 24 மணி நேரத்துக்குள். இதைப் பத்திரிகையில் படித்த அன்று நான் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "மேலே வர்ணம் பூசிக் கொள்" என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே பூசிக் கொண்டேன். எங்கள் குழந்தை பிழைத்தது; அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். வேறு யாருக்காவது உபயோகப்படக் கூடும்.

முதலில் குழந்தையின் படுக்கையை மாடி அறைக்கு மாற்றினோம். மெத்தையையும் தலையணைகளையும் அப்புறப்படுத்தினோம். பூஞ்சணத்தைத் துடைக்கும் நாளில் அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பி விட்டு, மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடி, கைக்குறை மாட்டிக் கொண்டு, சோப்பு ஜலத்தில் நனைத்த துணியால் துடைத்து, துணியையும் எறிந்தோம். உலர்ந்த விளக்குமாற்றால் தட்டக் கூடாது. வித்துகள் வீடு முழுவதும் பறக்கும். ஆனால் துடைப்பது களை பறிப்பது போலத்தான். வேர் ஜலத்தில் இருக்கிறது. ஜலம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். மொட்டை மாடியிலிருந்து மழைக் குழாய் நேரே அந்தச் சுவரின் காலடியிலேயே கொட்டிக் கொண்டிருந்தது! போதாக்குறைக்குச் சந்தில் மண் மேடிட்டு, வீட்டுத் தரையைவிட உயரமாகச் சுவரில் அணைந்திருந்தது. செங்கல் விளக்குத் திரியைப் போன்றது. காலடியில் உள்ள ஜலத்தைத் தானாகவே மேலே இழுத்துக் கொள்ளும். மண்ணை வெட்டி அகற்றி, குழாயை நீட்டி, ஜலம் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் வைத்தோம்.

அந்தக் கோடையில் சிமெண்டுப் பூச்சை நான்கடி உயரத்துக்கு உரித்தெறிந்து, சித்திரையிலிருந்து ஆடி வரையில் செங்கல்லை அப்படியே வெயிலும் காற்றும் படும்படி விட்டுவிட்டோம். வந்தவர்களெல்லாம், "என்ன, வீட்டை இடிக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். பிறகு பழையபடி சுண்ணாம்புக் காரை பூசி, சுண்ணாம்பு அடித்தோம். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளர முடியாது. சுவருக்குள் உள்ள ஈரத்தையும் அது வெளியே போக விடும். காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அந்தக் காரம் குறைந்து விடும். ஆகவேதான் வருஷந்தோறும் அடிக்க வேண்டியிருக்கிறது. மழை ஓய்ந்து, வெயில் தலைகாட்டும் தை மாதத்துக்கு முன்னால் வீடு முழுவதும் ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்கும் நம் வழக்கத்தில் இவ்வளவு விஷயம் இருக்கிறது. என் தாயாரிடம் இதையெல்லாம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். "அப்படியா? உனக்கு எந்தப் புஸ்தகத்திலே போட்டிருந்தது?" என்று கேட்டார்கள்.

பழைய வழக்கமெல்லாம் சரி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே என் தாயார்தாம் குழந்தைக்குத் தலை குளிப்பாட்டியதும் சளி பிடிக்காமலிருக்கச் சாம்பிராணிப் புகை போடுவார்கள். கதவைச் சாத்திக் கொண்டு கொசுவர்த்திச் சுருளும் கொளுத்துவோம். இரைப்புள்ள குழந்தைக்கு எந்தப் புகையும் விஷம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லி விட்டார். போகிப் புகையும் அப்படியே. சாம்பிராணியை நிறுத்தும்படி என் தாயாரிடம் சொல்வது, சிமெண்டை உரிப்பதைவிடக் கடினமான வேலையாக இருந்தது. கடைசியில் பேத்தியின் கீச்சொலியைக் காதால் கேட்ட பிறகு அவர்களே சாம்பிராணிக் கரண்டியைப் பரண்மேல் போட்டு விட்டார்கள். இப்போது கொசுவலை, புகை கிடையாது. முற்றத்துத் தகட்டையும் இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டோம்.

மருந்தையும் நிறுத்தவில்லை. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து பழக்கமாகி விடும் என்று உறவினர்கள் பலர் பயமுறுத்தினார்கள். "சாப்பாடுகூடத்தான் பழக்கம், அதை நிறுத்தி விடலாமா?" என்று வைத்தியர் கேட்டார். மாத்திரையாக உடம்பெங்கும் போவதைவிட, நெஞ்சுக்கு நேரே சிறிதளவு போவது நல்லது என்று விளக்கினார். சுவரைச் சீர்திருத்தியதால் மருந்து வேண்டாம் என்றும், மருந்து இருப்பதால் சுவர் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்றும் நினைப்பது இரண்டும் தப்பு.

இவ்வளவு நடந்த பிறகு பள்ளிக்கூடத்தில் என்னுடைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது என் கண்ணில் வேறொன்று பட்டது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன், கெட்டிக்காரன். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் ஒரு நாள் தவற மாட்டான். அக்டோபர் பிறந்தால் வாரத்தில் இரண்டு நாள் வர மாட்டான். போன வருஷமும் அப்படியே. "மழை வந்தால் சாக்குக் கிடைத்ததா?" என்று அவனை வகுப்பின் முன்னால் நிற்க வைத்துக் கேட்டவன் நான்தான். ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு கடைக்குப் பின்புறம், ஜன்னல் இல்லாத ஒரே அறை. மேலே குளியலறைக் குழாய் கசிந்து ஒரு சுவர் முழுவதும் பச்சையாக இருந்தது. உள்ளேயே அடுப்பு, உள்ளேயே கயிறு கட்டி ஈரத் துணி. பையன் அந்தச் சுவரோரம் பாயில் படுத்திருந்தான். அவன் தாயார், "வீட்டுக்காரரிடம் சொன்னால் காலி செய்யச் சொல்லி விடுவார், சார்" என்றாள்.

நான் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. மூன்று முறை போன பிறகு குழாயை மட்டும் மாற்றினார். பையனின் பாய் எதிர்ச் சுவருக்கு மாறியது. துணி மாடிப்படிக்கு மாறியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தும் கிடைத்தது. அந்த வருஷம் அவன் விட்டுப் போன நாட்கள் பாதியாகக் குறைந்தன. முழுவதும் தீரவில்லை. என் வீட்டுச் சுவரை நான் உரிக்கலாம். அவன் வீட்டுச் சுவரை உரிக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. குடியிருப்பவனின் மூச்சுக்கு வீட்டுக்காரனும் பொறுப்பு என்ற எண்ணம் நம்மிடையே வர வேண்டும். அதுவரையில், மழைக்காலத்தில் பிள்ளை வராவிட்டால் ஆசிரியர்கள் பிரம்பை எடுப்பதற்கு முன்னால் அவன் படுக்கிற இடத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள் நள்ளிரவுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி ஜலத்தைத் திறந்து விட்டார்கள். தென்பெண்ணை இரு கரையும் புரண்டு வந்தது. மழை ஜலம் வடிய வழியில்லாமல் எங்கள் வீட்டுக்குள்ளும் மறுபடி கணுக்காலளவு வந்தது.

இந்தத் தடவை எங்களுக்குத் தெரிந்திருந்தது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்து விட்டால் பூஞ்சணம் பெரும்பாலும் பிடிக்காது என்பது கணக்கு. மழைக்காலத்தில் எங்கள் கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டி நிற்பது சாதாரணம். ஆகவே உலர்த்துவது பிரம்மப் பிரயத்தனம்தான். ஜலம் இறங்கிய மணியிலிருந்து வேலை தொடங்கினோம். அலமாரிகளைச் சுவரைவிட்டு ஒரு சாண் நகர்த்தினோம். ஜன்னல்களைத் திறந்து, மின்சாரம் வந்ததும் மின்விசிறிகளைச் சுவரை நோக்கி ஓட விட்டோம். பாயும் அட்டைப் பெட்டிகளும் தெருவுக்குப் போயின. முன்பு எறிந்ததற்குப் பதிலாக என் மாமனார் அனுப்பியிருந்த புது மெத்தையின் ஒரு மூலை நனைந்திருந்தது. ஒரு மூலைதான். நான் அதைக் கையால் அழுத்திப் பார்த்துக் கொண்டு நின்றேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். இருவருமாகக் கொண்டு போய்க் குப்பை வண்டியில் போட்டோம். வண்டி தெருக்கோடியில் திரும்பும் வரையில் அவள் வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள்.

அந்த மார்கழியில் என் மகளுக்கு இரண்டு முறை ஜலதோஷம் பிடித்தது. ஒரு முறை சற்று இழுத்தது. மருந்தில் அடங்கி விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவளுக்கு இப்போது கண்ணாமூச்சி ஆடும் வயது தாண்டி விட்டது. ஆனாலும் பின்கட்டு அறைக்குப் போகும்போதெல்லாம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்ப்பாள்.

"அப்பா, கொஞ்சம் ஒட்டிப் போச்சு, நகர்த்துங்க" என்பாள்.

நானும் மறுபேச்சுப் பேசாமல் நகர்த்தி விடுகிறேன்.